சரோஜாதேவி ராஜினாமா செய்யவில்லை

சரோஜாதேவி இறந்தபோது முதலில் அழுதது யார் என்பதில் சங்கத்தில் இன்றைக்கும் இரண்டு கருத்துகள் உண்டு. முதலில் அவருடைய பதவியைக் கேட்டது யார் என்பதில் ஒரே கருத்துதான். சாந்தகுமாரி.

இறுதிச் சடங்கு நடந்த மலர்ச்சாலையில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். சாந்தகுமாரி பெட்டியைக் கட்டிக்கொண்டு, "அக்கா, உங்க கிச்சனை இனிமே யாரு பாத்துக்குவா?" என்று கதறினார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நின்றவர்களைப் பார்த்து, "நான்தான் பாத்துக்கணும்" என்றார்.

பெட்டியின் மறுபக்கம் மலர்வளையத்தோடு நின்றிருந்த கிளமென்ட், "அத மெம்பருங்க முடிவு பண்ணட்டும்லா" என்றார். அவர் மலேசியாக்காரர், விளையாட்டுச் செயலாளர். சாந்தகுமாரி கலைச் செயலாளர். பெட்டிக்குள் இருந்தவர் ஒன்பது ஆண்டுகளாகச் சமையலறைச் செயலாளர்.

வெளியாட்களுக்கு இந்தப் பதவியின் மகிமை தெரியாது. மேற்கு ஆக்லாந்து ஒருங்கிணைந்த தமிழ்ச் சங்கத்தில் தலைவர் பேசலாம், செயலாளர் நன்றி சொல்லலாம். ஆனால் யாருக்கு வடை இருக்கிறது, யாருக்கு வடை முடிந்துவிட்டது என்று சொல்லும் அதிகாரம் சமையலறைச் செயலாளருக்கு மட்டுமே உண்டு.

இறந்தவரின் கணவர் சபாரத்தினம் ஒரு மூலையில் நின்றிருந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஏறுகிறவர்களையும் இறங்குகிறவர்களையும் கவனித்தே பழகியவர். நடுவில் பயணிகள் என்ன சண்டை போட்டாலும் திரும்பிப் பார்க்காதவர். அன்றும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது சரோஜாதேவியின் கைகளை. வெங்காய மணம் போயிருந்தது. யாரோ கழுவியிருக்கிறார்கள்.

அப்போது சங்கத்தின் தேர்தல் ஆணையர் சுந்தரமூர்த்தி இரங்கலுரை ஆற்ற முன்னால் வந்தார்.

"சகோதரி சரோஜாதேவியின் மறைவு நம் சங்கத்தில் ஒரு பெரிய வெற்றிடத்தை உருவாக்கியிருக்கிறது" என்று தொடங்கினார். பெண்கள் விம்மினார்கள். "அந்த வெற்றிடம் நேற்றுக் காலை முதல் சட்டப்படி நடைமுறைக்கு வந்துவிட்டது. விதிகளின்படி இடைத்தேர்தல் நடக்கும். தேர்தல் முடியும்வரை மண்டபம், சமையலறை, பாத்திரங்கள் அனைத்தும் ஆணையத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும். அன்னாரின் ஆன்மா சாந்தியடையட்டும். வேட்புமனு வெள்ளிக்கிழமைக்குள்."

சுந்தரமூர்த்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ஆக்லாந்துக்கு வருமுன் அமெரிக்காவில் வர்ஜீனியா மாநிலத்தில் நான்கு ஆண்டுகள் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அங்கே ஆண்டுதோறும் ஏதாவதொரு தேர்தல் நடக்கும். அதிபர் தேர்தல் இல்லாத ஆண்டில் மாநிலத் தேர்தல். அதுவும் இல்லையென்றால் யாராவது செத்து, அல்லது பதவி உயர்ந்து, ஓர் இடைத்தேர்தல். மேல்சபைக்குக் காலியிடம் வந்தால் கீழ்ச்சபைக்காரர் போட்டியிட்டு ஜெயிப்பார். உடனே கீழ்ச்சபையில் இடம் காலி. அதற்கு இன்னொரு தேர்தல். சுந்தரமூர்த்திக்கு அங்கே ஓட்டு கிடையாது. அவர் குடியிருந்த அபார்ட்மெண்டுக்கு எதிரே ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஓட்டுப் போடப் போகிறவர்களை நான்கு ஆண்டுகளும் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். ஜனநாயகம் அவருக்கு அந்தச் சன்னல் வழியாகத்தான் வந்தது.

இங்கே வந்ததும் சங்கத்துக்கு அதே முறையைக் கொண்டுவந்தார். நியூசிலாந்தில் நாடாளுமன்றத் தேர்தல் ஓர் ஆண்டு, நகரசபைத் தேர்தல் இன்னோர் ஆண்டு. இரண்டும் இல்லாத ஆண்டில்தான் சங்கத்துக்குப் பொதுத்தேர்தல் என்று விதி எழுதினார்.

"அதென்ன அப்படி?" என்று ஒருவர் கூட்டத்தில் கேட்டார்.

"அந்த வருஷம் யாருக்கும் தேர்தல் ஞாபகமே இருக்காது. யாரும் வரமாட்டாங்க. வராதவங்க எதிர்த்து ஓட்டுப் போட முடியாது. இதைவிட அமைதியான ஜனநாயகம் உலகத்துல கிடையாதுங்க" என்றார் சுந்தரமூர்த்தி. பலத்த கைதட்டல். கேள்வி கேட்டவர் அடுத்த தேர்தலுக்கு வரவில்லை. விதி வேலை செய்தது.

சங்கத்தில் அறுபத்து நான்கு உறுப்பினர்களும் இருபத்து மூன்று பதவிகளும் உண்டு. ஆணையர் பதவிக்கு மட்டும் தேர்தல் இல்லை. நடுவரே பந்தை உதைக்கலாமா என்று கேட்பார்.

மாசி என்ற புறநகரில் இருந்த இந்த மனிதரின் வீட்டுக்குத்தான் சபாரத்தினம் மகள் பிரணவியோடு போனார்.

"ஐயா, அவ கடைசியாக் கேட்டது ஒண்டுதான்" என்றார் சபாரத்தினம். "அந்தியேட்டிச் சாப்பாட்டை மண்டபத்திலை வைச்சு, தன்ரை கிடாரத்திலை சமைச்சுக் குடுக்கவேணும் எண்டு. அந்தக் கிடாரம் அவ காசு சேர்த்து வாங்கிச் சங்கத்துக்குக் குடுத்தது. நாங்கள் ரானுயியிலை ரெண்டு அறை வீட்டிலை வாடகைக்கு இருக்கிறம். அடுப்பிலை கிடாரம் ஏறாது. ஆக்கள் வந்தால் நிக்க இடமில்லை."

"அந்தியேட்டின்னா?"

"முப்பத்தோராம் நாள் காரியம். சாம்பலைக் கடலிலை கரைச்சு, ஆக்களுக்குச் சாப்பாடு போடுறது."

சுந்தரமூர்த்தி நாட்காட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "அட, அன்னிக்குத்தான் சார் வாக்குப்பதிவே. புதன்கிழமை."

"ஏன் புதன்கிழமை? சனி, ஞாயிறு எண்டால் எல்லாரும் வருவினமே."

"செவ்வாய்க்கிழமைதான் சார் நடத்தணும். அமெரிக்காவுல அந்தக் காலத்துல விவசாயிங்க ஞாயித்துக்கிழமை சர்ச் முடிச்சு, திங்கள் குதிரை வண்டி கட்டி, செவ்வாய் ஓட்டுப் போடுவாங்க. அந்தப் பாரம்பரியத்தை நாம மதிக்கணும்."

"நான் காரிலைதான் வருவன்" என்றார் சபாரத்தினம் குழப்பத்தோடு. "அது சரி, செவ்வாய் எண்டு சொல்லிப்போட்டுப் புதன் எண்டிறியள்?"

"வர்ஜீனியாவுல செவ்வாய்னா இங்க புதன் சார்" என்றார் சுந்தரமூர்த்தி, குழந்தைக்குச் சொல்வதுபோல.

பிரணவி, "அப்பா, ஹீ இஸ் சீரியஸ்" என்றாள் மெல்ல.

"அப்ப ஒரு நாளைக்கு மட்டும்... அவவின்ரை இடத்தைத் தேர்தலில்லாமல் ஆருக்கெண்டாலும் குடுக்கேலாதோ? எங்களுக்கு அந்தப் பதவி வேண்டாம். மண்டபம் போதும்" என்றார் சபாரத்தினம்.

"கொடுக்க முடியாது சார். ஏன்னா சட்டப்படி உங்க மனைவி இன்னும் பதவியை விடல."

"அவ செத்துப் போனா ஐயா."

"அது வெற்றிடத்துக்குக் காரணம் சார். ராஜினாமாக் கடிதம் இல்ல. உறுப்பினர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாத்தான் வாக்குச்சீட்டுலேருந்து பேரை எடுக்க முடியும். அவங்க பேரும் இருக்கும்."

"இருந்தால்?"

"ஒண்ணும் ஆகாது. மரியாதைக்கு."

அதற்குள் தேர்தல் சூடு பிடித்துவிட்டது. வர்ஜீனியாவில் இறுதித் தேர்தலுக்கு முன் முதற்கட்டத் தேர்தல் உண்டு. ஆகவே இங்கும் உண்டு. கலைப் பிரிவின் சார்பில் சாந்தகுமாரி மட்டும் நின்றார், ஜெயித்தார். விளையாட்டுப் பிரிவின் சார்பில் கிளமென்ட் மட்டும் நின்றார், தோற்றார். அவர் செவ்வாய்க்கிழமை வந்து, பூட்டியிருந்த மண்டபத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயிருந்தார். புதன்கிழமை அவருடைய ஓட்டுகூட அவருக்கு விழவில்லை. ஆணையம் மறுதேர்தல் நடத்தி, அவருக்குக் கிழமையை விளக்கி, ஜெயிக்க வைத்தது.

இரு வேட்பாளர்களும் துக்க வீட்டுக்குத் தினமும் வந்தார்கள். சாந்தகுமாரி வரும்போதெல்லாம் அழுதார். அழுகை நின்றதும் கைபேசியை நீட்டி, "அண்ணா, ஒரு செல்ஃபி. அக்கா போட்டோவும் தெரியணும்" என்றார். கிளமென்ட் கோழிக்கறி கொண்டுவந்தார். சபாரத்தினம் துடக்கு முடியும்வரை மச்ச மாமிசம் சாப்பிடுவதில்லை என்று பிரணவி சொன்னாள். "பரவாயில்லமா, என்னோட கொள்கையத் தெரிஞ்சிக்கிட்டா போதும்லா" என்று கோழிக்கறியை வைத்துவிட்டுப் போனார். அவருடைய கொள்கை கோழிக்கறி.

வாக்குப்பதிவுக்கு முந்தின வாரம் சுந்தரமூர்த்தியே தொலைபேசியில் அழைத்தார். குரலில் தேன்.

"சார், ஒரு நல்ல சேதி. முதற்கட்டத்துல பதிவான ஓட்டு மொத்தம் மூணு. அமைதிதான். ஆனா கொஞ்சம் ஓவர் அமைதி. இந்தத் தடவை ஓட்டுப் போட்டவங்களுக்கு மதிய சாப்பாடுன்னு ஆணையம் முடிவு பண்ணியிருக்கு. நீங்கதான் அந்தக் கிடாரத்துல சமைச்சுக் கொடுக்கணும். உங்க ஆசையும் நிறைவேறும் பாருங்க."

சபாரத்தினம் போனோடு எழுந்து நின்றார். "பெரிய உபகாரம் ஐயா. அவவின்ரை படத்தைக் கொண்டுவந்து..."

"படம் கூடாது சார்."

"ஏன்?"

"அவங்க வேட்பாளர் இல்லையா? வாக்குச்சாவடிக்குள்ள வேட்பாளர் படம் வைக்கிறது பிரசாரம். நாற்பது அடிக்கு அந்தப் பக்கம் வச்சுக்கலாம். அப்புறம் இது அந்தியேட்டிச் சாப்பாடுன்னு யார்கிட்டயும் சொல்லக் கூடாது. தேர்தல் சாப்பாடு. அரிசி ஒண்ணுதான், நோக்கம் வேற."

நாற்பதாவது அடி வாகன நிறுத்துமிடத்தில் வந்தது. அங்கே சபாரத்தினத்தின் பழைய டொயோட்டா நின்றது. முன் கண்ணாடிக்குப் பின்னால் மாலை போட்ட சரோஜாதேவியின் படம். பின் இருக்கையில், சீட் பெல்ட் போட்டபடி, வெள்ளைத் துணி கட்டிய பித்தளைச் செம்பு. அதற்குள் சாம்பல். ஐயருக்கு எல்லர்ஸ்லியில் பகல் வேலை. அலுவலகம் முடிந்து பின்னேரம்தான் கடற்கரைக்கு வர முடியும் என்று சொல்லியிருந்தார். மழை வேறு தூறிக்கொண்டிருந்தது.

சபாரத்தினம் ஒன்பது ஆண்டுகள் மனைவிக்குத் தேங்காய் துருவிக் கொடுத்தவர். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு, பூசணிக்காய், பாயசம். கிடாரத்தின் அடியில் அகப்பை உரசும் சத்தம் கேட்டதும் வரிசையில் நின்ற பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

"அக்கா சமையல் வாசனை" என்றாள் கௌரி என்றொருத்தி.

"தேர்தல் சாப்பாடு" என்று திருத்தினார் சுந்தரமூர்த்தி.

விதிப்படி முதலில் ஓட்டு, பிறகு சோறு. ஆனால் பசி விதிக்குக் கட்டுப்படவில்லை. முதலில் சாப்பிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு, ஏப்பத்தோடு, மறைப்புக்குப் பின்னால் போனார்கள். உள்ளே வாக்குச்சீட்டில் மூன்று பெயர்கள் இருந்தன.

எண்ணிக்கை முடிந்து சுந்தரமூர்த்தி அறிவித்தார். "சாந்தகுமாரி ஏழு. கிளமென்ட் ஆறு. சரோஜாதேவி..." என்று நிறுத்தி, மறுபடி எண்ணி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, "பத்தொன்பது" என்றார்.

மண்டபம் முன்பு டயர்க் கடையாக இருந்த இடம். மழை நாளில் இன்னும் ரப்பர் வாசனை வரும். அந்த வாசனையை மட்டும் எல்லாரும் சிறிது நேரம் சுவாசித்தார்கள்.

"செத்தவங்ககிட்டயா தோத்தேன்?" என்றார் சாந்தகுமாரி.

"நீங்க ரெண்டாவது. நான் மூணாவதுலா" என்றார் கிளமென்ட்.

சுந்தரமூர்த்தி கையை உயர்த்தினார். "நண்பர்களே, பதற்றம் வேண்டாம். மக்கள் தீர்ப்பு மகேசன் தீர்ப்போ இல்லையோ, ஆணையத்துக்கு அது தீர்ப்பு. வெற்றி பெற்றவர் ஒரு மணி நேரத்துக்குள் நேரில் வந்து பதவியேற்க வேண்டும். வராவிட்டால் மறுபடி வெற்றிடம், மறுபடி இடைத்தேர்தல். அதுவரை மண்டபம் பூட்டப்படும். கிடாரத்தைக் கழுவி வைங்க."

சபாரத்தினம் இன்னும் படையல் போடவில்லை. ஓட்டுப் பெட்டியை எடுத்ததும் அந்த மேசையில் இலை விரித்து, படத்தை வைத்து, அவளுக்கு முதல் அகப்பை போடலாம் என்று காத்திருந்தார். அவளைத் தவிர எல்லாரும் சாப்பிட்டிருந்தார்கள்.

"ஐயா, பத்து நிமிசம் தாங்கோ."

"ஒரு நிமிஷம்கூட முடியாது சார். வெற்றி பெற்றவர் வந்தா மண்டபம் அவங்க பொறுப்பு. பத்து நிமிஷம் என்ன, பத்து நாள் வச்சுக்கலாம். வரணுமே."

"நேரிலை வரவேணும்."

"நேர்ல வரணும்."

சபாரத்தினம் மழையில் இறங்கிப் போனார். திரும்பி வரும்போது கையில் செம்பு இருந்தது. மேசையில் வைத்தார்.

"வந்திருக்கிறா" என்றார்.

சுந்தரமூர்த்தி விதிப் புத்தகத்தைப் புரட்டினார். நேரில் வர வேண்டும் என்று இருந்தது. எந்த நிலையில் என்று இல்லை. வலது கையை உயர்த்த வேண்டும் என்ற விதிக்கு, உடல்நலக் குறைவு உள்ளவர்களுக்கு விலக்கு இருந்தது. அவர் நீண்ட நேரம் யோசித்தார். மெல்ல மெல்ல அவர் முகத்தில் ஓர் ஒளி பரவியது.

"நண்பர்களே, இப்படி ஒரு நிர்வாகியைத்தான் நான் இத்தனை வருஷமாத் தேடிட்டிருந்தேன். கூட்டத்துல குறுக்கே பேசமாட்டாங்க. கணக்குக் கேக்கமாட்டாங்க. வேற பதவிக்கு ஆசைப்பட்டு இந்த இடத்தைக் காலி பண்ணமாட்டாங்க. உயிரோட இருக்கிறவங்ககிட்ட இந்தத் தகுதியெல்லாம் எதிர்பார்க்க முடியுமா?"

கைதட்டல் எழுந்தது. அவர் செம்புக்கு முன்னால் குனிந்து உறுதிமொழியை வாசித்தார். செம்பு மறுக்கவில்லை.

சபாரத்தினம் படத்தைக் கொண்டுவந்தார். இலை விரித்தார். சோறு வைத்து, குழம்பு விட்டு, பாயசத்தை ஓரமாக ஊற்றி, கற்பூரம் காட்டினார். பிரணவி அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுதாள். அந்தப் பத்து நிமிடமும் மண்டபத்தில் யாரும் தேர்தலைப் பற்றிப் பேசவில்லை.

பதினோராவது நிமிடம் அவர் செம்பைத் தூக்கினார்.

"எங்க சார்?"

"கடலுக்கு. ஐயர் வந்திடுவார்."

"நிர்வாகியை எப்படி சார் கரைக்க முடியும்?" சுந்தரமூர்த்தி உண்மையிலேயே அதிர்ந்துபோனார். "பதவியேத்தவங்க பதவிக்காலம் முடியறவரைக்கும் அலுவலகத்துல இருக்கணும். தொடர்ந்து மூணு கூட்டத்துக்கு வராட்டா வெற்றிடம். சமையலறை அலமாரியில வச்சுப் பூட்டிடலாம். அடுத்த பொதுத்தேர்தலுக்கு அப்புறம் தாராளமா எடுத்துட்டுப் போங்க."

"அது எப்ப?"

"தேர்தல் இல்லாத வருஷம்."

இருபது ஆண்டுகள் பஸ் ஓட்டிய சபாரத்தினம், வழி மறித்து நிற்கும் வாகனத்திடம் கத்திப் பயனில்லை என்று அறிந்தவர். பின்னால் எடுத்துத் திருப்ப வேண்டும்.

"அப்ப நானே உள்ளுக்கை வைச்சிட்டு வாறன்" என்றார்.

சமையலறைக் கதவைச் சாத்தினார். பிரணவி கூடவே வந்திருந்தாள். அலமாரியில் சரோஜாதேவி அவித்து அரித்து வைத்த புட்டு மா, பெரிய ஹோக்கி போக்கி ஐஸ்கிரீம் டப்பாவில் இருந்தது. அவர் செம்பின் துணியை அவிழ்த்தார். மாவை ஒரு தட்டில் கொட்டினார். சாம்பலை டப்பாவுக்கு மாற்றினார். மாவைச் செம்பில் நிரப்பித் துணியைக் கட்டி, அலமாரியில் வைத்தார்.

"அப்பா! ஐஸ்கிரீம் டப்பாவா?"

"அம்மா எல்லாத்தையும் இதுக்கைதானே பிள்ளை வைச்சவ."

வாசலில் ஒவ்வொருவர் கையிலும் அதேபோல் ஒரு டப்பா இருந்தது. மிச்சம் வந்த சோறு, குழம்பு. சுந்தரமூர்த்தி, "சாப்பாடா சார்?" என்று கேட்டார். "ஓம்" என்றார் சபாரத்தினம்.

சாந்தகுமாரி எட்டிப் பார்த்தார். "அண்ணா, எனக்கும் கொஞ்சம் குடுங்களேன்."

"முடிஞ்சுது பிள்ளை" என்றார் சபாரத்தினம், மனைவியின் குரலில்.

அன்று பின்னேரம், ஐயர் கழுத்தில் அலுவலக அட்டையோடு மந்திரம் சொல்ல, சரோஜாதேவி கடலில் கரைந்தார். டப்பாவைக் கழுவிக் காரில் வைத்தார்கள்.

அடுத்து வந்த, யாருக்கும் தேர்தல் நினைவில்லாத ஆண்டில், சங்கத்தின் தலைவர் பதவிக்கு மூவர் போட்டியிட விரும்பினார்கள். மூவருக்கும் மற்ற இருவரையும் பிடிக்கவில்லை. யாருக்கும் விரோதமில்லாத ஒரே நிர்வாகி அலமாரியில் இருந்தார். சரோஜாதேவி போட்டியின்றித் தலைவரானார். செம்புக்கு வெள்ளைத் துணி போய்ப் பட்டுத் துணி வந்தது. சமையலறைச் செயலாளர் பதவி காலியாகி, அதற்கு மறுபடியும் சாந்தகுமாரியும் கிளமென்ட்டும் எதிரெதிரே நின்றார்கள்.

தலைவரின் பதவியேற்பு விழாவுக்குச் சபாரத்தினத்தையும் பிரணவியையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். சுந்தரமூர்த்தி மேடையில் உருகிக்கொண்டிருந்தார். "நம் தலைவர் நம்மோடு இருக்கிறார். ஏதாவது ஒரு வடிவத்தில் நமக்கு வழிகாட்டுவார்."

அப்போது பட்டுத் துணியின் ஓரத்திலிருந்து ஒரு சின்ன வண்டு வெளியே வந்தது. செம்பின் வயிற்றில் இறங்கி, மேசை விரிப்பில் நின்று, மீசையை ஆட்டியது.

சுந்தரமூர்த்தி பேச்சை நிறுத்தினார். கைகூப்பினார். மண்டபம் முழுவதும் எழுந்து நின்றது. கௌரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வண்டு சற்று யோசித்து, கிளமென்ட் உட்கார்ந்திருந்த பக்கமாக நடந்தது.

"தலைவர் ஆதரவு எனக்குத்தான்லா!" என்று கத்தினார் கிளமென்ட்.

"மொதல்ல எம்பக்கம்தான் திரும்புச்சு! எல்லாரும் பாத்தீங்கல்ல?" என்று சாந்தகுமாரி எழுந்து ஓடி வந்தார்.

பிரணவி அப்பாவின் கையைப் பிடித்தாள். "அப்பா, தே வில் ஓப்பன் இட். இப்ப திறந்து பாக்கப் போகினம்."

"திறக்கமாட்டினம் பிள்ளை. ஆர் திறக்கிறது எண்டு முதலிலை ஒரு தேர்தல் வைக்கவேணும்."

மேடையில் சுந்தரமூர்த்தி அதைத்தான் அறிவித்துக்கொண்டிருந்தார். வரும் செவ்வாய்க்கிழமை, அதாவது புதன்கிழமை.